மகிஷாசுரனுக்குப் பூசாத நிறம்

மைசூரில் எங்கள் பள்ளியில் தசரா வந்தால் சாமுண்டி நாடகம் போடுவார்கள். அசுரப் படையாக நடிக்கும் பிள்ளைகளின் முகத்தில் டீச்சர் கறுப்பு மை பூசுவார். மகிஷாசுரனான என் முறை வந்ததும் டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்து டீச்சரிடம் கன்னடத்தில் சொன்னார்: "தமிளர ஹுடுகி. இவளிகெ பண்ண பேட." தமிழர் வீட்டுப் பெண், இவளுக்கு நிறம் வேண்டாம் என்று. மீசை மட்டும் வரைந்தார்கள். அதன் பிறகு வருஷா வருஷம் நான்தான் அசுரன்.

சூலம் என் மேல் பட்டதும் கூட்டம் கைதட்டும். முன்வரிசையில் அம்மாவும் தட்டுவாள். டீச்சர் மேல் வராத கோபம் எனக்கு அம்மா மேல் வந்தது.

ஓவியம் படித்து முடித்த பிறகு அந்த மேடையை வரைந்தேன். திரை, சூலம், அம்மாவின் புடவை எல்லாவற்றுக்கும் நிறம் தீட்டினேன். என் முகத்தில் மட்டும் மீசையை வரைந்துவிட்டு, மற்றபடி வெறும் கேன்வாஸ் துணியாக விட்டேன். நிறம் வேண்டாம் என்றார்களே, வேண்டாம். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மைசூரிலேயே ஒரு சின்ன ஹாலில் படத்தை வைத்தார்கள். வந்தவர்கள் பாராட்டினார்கள். எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "அன்னிக்கு உனக்கு வலிச்சுதா?" என்று கேட்டால் போதும். அதற்காகத்தான் வரைந்தேன்.

வீடு இருக்கும் விஜயநகரிலிருந்து அம்மா ஆட்டோ பிடித்து வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"இது நீதானே?"

"ஆமாம்மா."

"மூஞ்சிக்கு கலர் அடிக்கலயா?"

"இல்லம்மா. வேணும்னுதான் விட்டேன்."

இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். "இதுலயாச்சும் செவப்பா இருக்க. நல்லாருக்குடி."

வெறும் துணி வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது, இத்தனை நாள் தீட்டியும் எனக்குத் தோன்றவே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாள். போனைத் தூக்கியதும், "இரு இரு" என்று பையிலிருந்து பவுடரை எடுத்தாள். என் அம்மா என்னைவிடக் கறுப்பு. நெற்றி, கன்னம், கழுத்து என்று ஓர் இடம் விடாமல் ஒற்றிக்கொண்டு, "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கும்மா" என்று சொல்லி எடுத்தேன். உனக்கு வலித்ததா என்று அவளை நானும் கேட்கவில்லை.