பட்டிக்குக் கீழே நின்று பார்த்தவள்

சிட்டு, அன்றைக்குக் காலையில் உன் பால் கேனை உன் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பால் எடுக்கும் இடத்தில் நாங்கள் எல்லாம் வரிசையில் நின்றோம். பனி இன்னும் விலகவில்லை. பால் அளக்கிற கணேசு, "என்ன மாமா, நீங்க வந்திருக்கீங்க? அத்தைய இன்னும் ஆஸ்பத்திரியில புடிச்சு வச்சிருக்காங்களா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டான். செல்வராஜ் அண்ணன் மூடியைத் திறந்து பாலை ஊற்றினார். கேனைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார். "விடியக்காலம் போயிட்டா. மாடு கத்திக்கிட்டு நின்னுச்சு. கறந்துட்டுச் சொல்லலாம்னு வந்தேன்."

கணேசு பாலை அளந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். நான் என் கேனை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் இல்லை.

காய்ச்சல் என்று பதுளை பெரியாஸ்பத்திரிக்குப் போனவள் இப்படித்தான் எங்களுக்குத் திரும்பி வந்தாள். சிவபாக்கியம் என்பது செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேர்ப் பதிவில் மட்டும் இருந்த பேர். ஆள் சின்னது, நடை வேகம். தேயிலைக் கொழுந்து எடுக்க மலையில் ஏறினால் கூடை மட்டும்தான் முன்னால் போகிற மாதிரி தெரியும். அதனால் இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த கொஞ்ச நாளிலேயே சிட்டு ஆகிவிட்டாள். நானும் அதே வருசம்தான் அப்புத்தளைப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தேன். ஒரே வரிசை வீட்டு லயம், அடுத்தடுத்த காம்பராவில் குடித்தனம். அவளுக்கு அஞ்சலி எழுத வேண்டும் என்று பால் சங்கத்தில் சொன்னபோது, படித்த பிள்ளைகள் யாராவது எழுதட்டும் என்றேன். தலைவர் கேட்கவில்லை. அவளோடு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தது நீதானே என்றார். நான் அஞ்சாம் வகுப்புத்தான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சங்கத்தில் அவள் பார்த்த வேலையை வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். மாடு வளர்க்கிறவர்கள் சாணிக்குழி கட்டவும், மூத்திரம் ஓடுவதற்குச் சிமெந்து வாய்க்கால் போடவும் ஒரு திட்டத்தில் உதவி வருகிறது. கேட்கிற எல்லாருக்கும் அது காணாது. அதனால் விண்ணப்பம் போட்டவர்களின் பட்டியை நேரில் போய்ப் பார்த்துப் புள்ளி போட வேண்டும். மாட்டுக் கொட்டிலை நாங்கள் பட்டி என்றுதான் சொல்வோம். பதுளை ஆபீசிலிருந்து ஒரு மிஸ் வருவார். சங்கத்துப் புள்ளியைப் போடச் சிட்டு போவாள். அவளுக்குத் துணையாக நான்.

இப்போது அவள் இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். வருகிற வாரம் மிஸ் வருகிறார். இந்தத் தடவை எங்கள் டிவிசனில் ஒரு பட்டிக்குத்தான் உதவி. கேட்டிருப்பது இரண்டு பேர். ஒன்று மேல் லயத்து மாரியாயி, புருசன் இல்லாதவள். மற்றது சிட்டுவின் வீடு, செல்வராஜ் அண்ணன். சாணித் தண்ணி வெளியே ஓடுகிற பட்டிகளை ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்துவிடச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பட்டி போனால் மாடும் போகும். இடுப்பு அடிபட்டதிலிருந்து செல்வராஜ் அண்ணன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாட்டையும் நம்பித்தான் அவரும், பண்டாரவளையில் படிக்கிற மகளும் இருக்கிறார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தடவை பட்டி பார்க்கப் போனதைச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் தண்ணி ஓடுகிற கானை வெட்டி, சுண்ணாம்பு அடித்து, வாசலைப் பெருக்கி வைப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பதுளையிலிருந்து ஆபீசு மிஸ் வருகிறார் என்று நாங்களே போய் முதல் நாள் எல்லா வீட்டிலும் சொல்லி வைத்தோம். விடிந்ததும் விண்ணப்பம் போட்ட அத்தனை பேரும் வாளி வாளியாகத் தண்ணி ஊற்றிப் பட்டியைக் கழுவிவிட்டார்கள். போடாதவர்களும் பார்த்துக் கழுவினார்கள். நாங்கள் போனபோது பட்டி எல்லாம் சாமி அறை மாதிரி இருந்தது. மாட்டு நெற்றியில் ஒருத்தி பொட்டு வேறு வைத்திருந்தாள். மிஸ் பார்த்துப் பார்த்துச் சந்தோசமாக எழுதிக்கொண்டே வந்தார்.

அந்த நேரத்தில் கீழ் லயத்திலிருந்து தெய்வானை அக்கா மேடேறி வந்தாள், தலையில் ஒரு சட்டி. கோயில் பொங்கலுக்கு அரிசி ஊறப் போட்டிருந்தாள். பீலிக் குழாயில் வந்த தண்ணி பச்சையாக வந்திருக்கிறது. மேலே கழுவின அத்தனை சாணியும் அவர்கள் குடிக்கிற ஊத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. சட்டியை மிஸ் காலடியில் இறக்கி வைத்து, "இதுக்கும் புள்ளி போடுங்க மிஸ்" என்றாள்.

மிஸ்ஸுக்கு முகம் செத்துப்போனது. நாங்கள் எல்லாம் தரையைப் பார்த்தோம். சிட்டு மட்டும் குனிந்து அந்த அரிசியை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தாள். பிறகு, "நம்மளப் பாக்க வர்றாங்கன்னு நம்ம செஞ்ச வேலைதான் அக்கா இது" என்று சொல்லிச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு தெய்வானை அக்கா கூடக் கீழே இறங்கிவிட்டாள். அன்றைக்குப் போட்ட புள்ளியை எல்லாம் மிஸ்ஸே அடித்துவிட்டார். பொங்கலுக்கு எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அரிசி போனது.

அதற்குப் பிறகு அவள் வேலை செய்கிற விதமே மாறிவிட்டது. என்றைக்கு வருவோம் என்று யாருக்கும் சொல்வதில்லை. பட்டிக்கு நேராகவும் போவதில்லை. முதலில் கீழே போவாள். சாணித் தண்ணி எங்கே வந்து சேருகிறதோ அங்கே நின்றுகொண்டு, அது வந்த வழியே மேலே ஏறுவாள். புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தவர்களிடம், "பட்டியப் பாக்காத. பட்டிக்குக் கீழ பாரு. அங்கதான் எல்லாம் எழுதிக் கெடக்கு" என்று சொல்வாள்.

தேத்தண்ணி விசயத்தில் ஊரெல்லாம் அவளைத் திட்டியிருக்கிறது. லயத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்றால் அது பெரிய அவமானம். விண்ணப்பம் போட்டவர்கள் வீட்டில் இஞ்சி தட்டிப் போட்டு, கொழுக்கட்டை அவித்து வைத்திருப்பார்கள். அவள் தொட மாட்டாள். கீழ் வீட்டில் குடித்துவிட்டேன் என்பாள். அது பொய் இல்லை. அந்தப் பட்டிக்குக் கீழே இருக்கிற வீட்டில் போய், நீங்கள் குடிக்கிற தண்ணியில் எனக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்திருப்பாள். "பெரிய துரைசாணி, நம்ம வீட்டுத் தண்ணி எறங்காது" என்று மாரியாயியே ஒரு தடவை காதுபடப் பேசினாள். சிட்டு திரும்பி நின்று, "உன் வீட்டுத் தண்ணியத்தான்டி கீழ் வீட்டுல குடிச்சிட்டு வர்றேன்" என்றாள். மாரியாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுத வரவில்லை. சாணிக்குழிக்குக் கூரை கட்டாயம் வேண்டும் என்று மிஸ் சொன்னார். கூரைக்குப் போடுகிற தகரத்தை மிச்சம் பிடித்தால் இன்னொருத்தருக்கும் குழி கட்டலாம் என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். அவள் பேச்சைக் கேட்டு ஒரு குழியைக் கூரை இல்லாமல் விட்டார்கள். கார்த்திகை மழையில் அது நிரம்பி வழிந்து, முன்னை விட மோசமாக ஓடியது. வாளியோடு போய் அந்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்து அள்ளிக் கொட்டினாள். மிஸ் வந்தபோது அவளே முந்திக்கொண்டு, "மிஸ், மழை என் தலையில மட்டும் பேயும், குழியில பேயாதுன்னு நெனச்சிட்டேன்" என்றாள். மிஸ் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. அந்த இரண்டு பேரும் ஒத்துப்போனது அதற்குப் பிறகுதான்.

எனக்கும் அவளுக்கும் ஒரு தடவை மனவருத்தம் வந்தது. என் பட்டிக்கும் விண்ணப்பம் போட்டிருந்தேன். அந்தத் தடவை நான் அவளோடு போகக் கூடாது என்று என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாள். கூட்டாளி என்பதால் எப்படியும் கிடைக்கும் என்று என் வீட்டுக்காரர் கல்லும் மணலும் கொண்டுவரப் பேசி வைத்துவிட்டார். கிடைத்தது ராமாயிக்கு. ராமாயிக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லாத காலம் அது. மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் அவள் வந்து நின்றாள். நான் திரும்பவில்லை. அவளாகத்தான் பேசினாள்.

"லெச்சி, உன் பட்டிக்குக் கீழ தேயிலை இருக்கு. ராமாயி பட்டிக்குக் கீழ ஆளு இருக்கு."

நிரையை முடித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தார். "அண்ணே, மண்குழி வெட்டுறதுக்கு யாரும் புள்ளி போட மாட்டாங்க. வெளிய வாங்க" என்றாள். பொழுது சாயும் வரைக்கும் நின்று வெட்டினோம். அந்த மண்குழிதான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அவள் வீட்டுக்கு அவள் ஒரு தடவையும் விண்ணப்பம் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "பேனாவும் என் கையில, பட்டியும் என்னோடதுன்னா, நாளைக்கு நான் யாரு பட்டிக்குக் கீழயும் நிக்க முடியாது" என்றாள். இதில் செல்வராஜ் அண்ணனுக்கு வருத்தம் உண்டு. கருமாதி முடிந்து எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "அவ இருந்த வரைக்கும் நான் கேக்கல. இப்ப அவ இல்ல. அவ பேரச் சொல்லி என்னை ஒதுக்கிடாத தங்கச்சி" என்றார். அவர் கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

போன வாரம் நான் மட்டும் தனியாக இரண்டு இடத்துக்கும் போனேன். மாரியாயி பட்டிக்குக் கீழே கீழ் லயத்து ஊத்து. அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே தெய்வானை அக்கா வீட்டில் பிளேன்டீ வாங்கிக் குடித்தேன். பிறகு சிட்டுவின் பட்டிக்குக் கீழே போனேன். அங்கே தேயிலைதான் என்று நானும் நினைத்திருந்தேன். அந்தப் பட்டியிலிருந்து ஒரு நாளும் சாணித் தண்ணி வந்து யாரும் பார்த்ததில்லை.

தேயிலைக்குள் இறங்கிப் பார்த்தால், செடிக்கு நடுவில் சின்னச் சின்னக் குழிகள். ஒன்று நிரம்பினால் அடுத்ததுக்குப் போகிற மாதிரி மண்வெட்டியால் வெட்டிப் படிப்படியாக இறக்கியிருக்கிறாள். ஓரமெல்லாம் மாட்டுப்புல் நட்டு மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் பெரட்டுக்குப் போக முன்னாடி இறங்கி அதை அள்ளியிருக்க வேண்டும். அள்ளாவிட்டால் நிற்காது. அள்ளினவள் போய்விட்டாள். குழி எல்லாம் நிரம்பி, கடைசிக் குழியிலிருந்து ஒரு பச்சைக் கோடு தேயிலையைத் தாண்டிக் கானில் விழுந்து போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கான் போய்ச் சேருகிறது பிள்ளை மடுவத்துப் பக்கம். அங்கேதான் மலைக்குப் போகிற பொம்பளைகள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

செல்வராஜ் அண்ணனால் அந்த இடுப்போடு குழிக்குள் இறங்க முடியாது. மகள் படிப்பை விட்டுவிட்டு அள்ளட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் இரண்டு காலை போய் அள்ளினேன். என் மாட்டையும் பார்த்து, பெரட்டுக்கும் போய், அதையும் தினம் செய்ய என்னால் ஆகாது. நானே அள்ளிச் சுத்தமாக்கிவிட்டு நானே போய்ப் புள்ளி போட்டால், அதுவும் அன்றைக்குப் பட்டி கழுவி வைத்த கதைதான். அதனால் விட்டுவிட்டேன். இப்போது இரண்டு பட்டிக்குக் கீழேயும் ஆள் இருக்கிறார்கள். உதவி ஒன்றுதான். ஒரு வீட்டு மாடு போகத்தான் போகிறது. மிஸ்ஸிடம் குழியையும் சொல்வேன், கூட்டாளி என்பதையும் சொல்வேன். ஆனாலும் சங்கத்துப் புள்ளியை நான்தான் போட வேண்டும்.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். மேல் வீட்டு வாசலில் நின்று முடிவு சொல்லக் கூடாது. கீழே இறங்கி, அங்கே இருக்கிறவர்கள் குடிக்கிறதைக் குடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இதை நான் விட மாட்டேன். சங்கத்தில் எனக்குப் பிறகு வருகிறவர்களும் விடாமல் இருந்தால் அவளுக்கு அதுதான் அஞ்சலி.

ஆனால் சிட்டு, எத்தனையோ பேர் பட்டிக்குக் கீழே நின்றுவிட்டு வந்து எனக்கு எல்லாம் சொல்லியிருக்கிறாய். உன் பட்டிக்குக் கீழே நீ செய்துகொண்டிருந்ததைப் பக்கத்துக் காம்பராவில் இருந்த எனக்கே சொல்லவில்லை. மாரியாயியின் பட்டியும் உன் பட்டியும் ஒரே உதவிக்குப் போட்டியாக வந்து, பேனா உன் கையில் இருந்திருந்தால், உன் பட்டிக்கு நீ என்ன புள்ளி போட்டிருப்பாய்?