ஒரே கணினி, இரண்டு நட்சத்திரம்

எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் எங்கள் சொந்தபந்தத்தில் பாதிப் பேருடைய ஜாதகம் என் லேப்டாப்பிலிருந்துதான் வந்தது. திண்டுக்கல் நாகல் நகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுக் கேட்டே, ஒரு ஜாதக சாஃப்ட்வேரைப் போட்டு வைக்க வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு வத்தலக்குண்டு வரன் வந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு. ஆத்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முன் வந்தவர்களைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். இந்த ஆளோடு மட்டும் இரண்டு வாரமாகப் போனில் சிரித்துச் சிரித்துப் பேசினாள். ஜாதகம் பொருந்திவிட்டால் பூ வைத்துவிடலாம் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். எங்களிடம் இருந்த பழைய ஜாதக நோட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது. “செத்த அந்த ஜாதகத்த அனுப்பி விடும்மா, அவுக காத்துக்கிட்டு இருக்காக” என்று அப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலை செய்வது என் பிறவிக்குணம். வழக்கமாக அந்த சாஃப்ட்வேரை ஐகானைத் தட்டித்தான் திறப்பேன். அன்று ஆபீஸ் வேலைக்காக ஷெல் திறந்திருந்தது. விண்டோஸுக்குள்ளேயே யூனிக்ஸ் கட்டளைகளை அடிக்கிற கறுப்புத் திரை அது. அதிலேயே பெயரை அடித்துத் திறந்தேன். அக்கா பிறந்த தேதி, காலை ஆறு பத்து, திண்டுக்கல். வந்ததை வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் போன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

“பூசம்னு சொன்னீக. நீங்க அனுப்புனதுல ஆயில்யம்னு இருக்கு. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதானே மறைச்சீக?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அவரைப் பொய்க்காரர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

மாடிக்கு ஓடினேன். ஐகானைத் தட்டித் திறந்து பார்த்தேன், பூசம். ஷெல்லிலிருந்து திறந்தேன், ஆயில்யம். அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டபிறகுதான் பிடிபட்டது. ஷெல் தன்னிடமுள்ள குறிப்புகளை, தான் திறந்துவிடும் ஒவ்வொரு சாஃப்ட்வேரிடமும் கொடுத்தனுப்பும். அதில் ஒன்று நேர மண்டலம், அதாவது எந்த ஊர்க் கடிகாரப்படி என்பது. இந்திய நேரத்துக்கு ‘ஆசியா/கொல்கத்தா’ என்று யூனிக்ஸ் பாணியில் எழுதியிருக்கும். விண்டோஸுக்கென்று எழுதிய ஜாதக சாஃப்ட்வேருக்கு அது விளங்கவில்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லித் தொலைய வேண்டியதுதானே? சொல்லவில்லை. லண்டன் நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் தள்ளிக் கணக்குப் போட்டுவிட்டது. பூசம் முடிகிற நேரத்தில் பிறந்த அக்காவைத் தூக்கி ஆயில்யத்தில் போட்டுவிட்டது.

அடுத்த நாள் சரியான தாளோடு நானும் அப்பாவும் வத்தலக்குண்டு பஸ் ஏறினோம். அந்த அம்மா வாட்ஸ்அப்பில் வந்ததையும் அச்செடுத்து வைத்திருந்தார். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். நான் ஷெல், நேர மண்டலம் என்று நெடுநேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“ஒரே பேரு, ஒரே நேரம், ஒரே கம்ப்யூட்டரு. முந்தாநாள் ஆயில்யம், இன்னைக்குப் பூசம். நாளைக்கு நான் ரோகிணி வேணும்னா அதையும் கொண்டாருவியாம்மா?”

“நீங்களே ஒரு ஜோசியர்ட்ட குடுத்து எழுதி வாங்கிப் பாருங்க” என்றார் அப்பா.

“அவருக்கும் பொறந்த நேரம் நீங்க சொல்றதுதானே?”

காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளை வெளியே வரவேயில்லை. பஸ்ஸில் அப்பா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன், எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

சாயங்காலம் அக்கா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கும் எல்லாவற்றையும் விளக்கினேன். சாஃப்ட்வேர் எழுதியவனைக் கண்டபடி ஏசினேன். முடிக்கும்வரை கேட்டாள்.

“ஏண்டி, மொத வரியிலயே ஆயில்யம்னு இருக்கு. அனுப்புறதுக்கு முன்னாடி அத ஒரு தடவ வாசிச்சியா?”

“இல்லக்கா.”

“அவரு நேத்தே என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு” என்று சொல்லிவிட்டு, அடுத்த தாளை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.