லாபம், ரெண்டு, மூணு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் டைப்பு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் கடிதம் எழுதிச் சாப்பிட்ட முதல் ஆள் நான்தான். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

என் மேஜைக்கு நேரே கதவில்லாத ஒரு வாசல். அதற்கு அப்பால் கிடங்கு. அங்கே தோல் எண்ணுகிறவர் கணியம்பாடிக்காரர். எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டை. சரக்கு எண்ணும்போது யாரும் ‘ஒன்று’ என்று ஆரம்பிப்பதில்லையே, ‘லாபம், ரெண்டு, மூணு’ என்றுதான் போகும். அந்த நேரத்தில்தான் முதலாளி தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷாக்கி அடிக்கவேண்டும். ஒரு நாள், மாதிரிக்கு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறோம் என்றார். அதே நொடி கிடங்கிலிருந்து ‘லாபம்!’ என்று முழக்கம். என் புத்தி எங்கே போயிற்றோ, ‘ஒரு கட்டு’ இங்கிலீஷில் ‘லாபக் கட்டு’ ஆகிவிட்டது. மெட்ராஸிலிருந்த வெள்ளைக்கார ஏஜெண்டு, அது என்ன புது ரகம் என்று விசாரித்துப் பதில் எழுதினார். ஷாப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

முதலாளி சிரிக்கவில்லை. இன்னொரு தப்பு வந்தால் வீட்டுக்குப் போய்விடு, எனக்கு இந்தப் பேஜார் வேண்டாம் என்றார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாமனார் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

எண்ணுகிறவரிடம் போய், சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணக்கூடாதா என்று பணிவாகக் கேட்டேன். பணிவு எனக்கு வராத சமாசாரம்.

“லாபத்த மெதுவா சொன்னா வருமா தம்பி?” என்றார்.

அவர் வாயை மூட முடியாது, அறையின் காதை மூடுவோம் என்று முடிவு செய்தேன். மேஜையை வாசலுக்கு நேரிலிருந்து கடைசி மூலைக்கு இழுத்தேன். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து வழித்த ஆட்டு ரோமம் ஷாப்பின் பின்னால் குவிந்து கிடந்தது. அதைச் சாக்குகளில் அடைத்து, மூங்கில் சட்டத்தில் கட்டி, வாசலை மறைத்து நிறுத்தினேன். டைப்பு மிஷினுக்கு அடியிலும் ஒரு ரோம மெத்தை.

முதல் நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. டைப்புக்காரர் சாக்குக்குள் குடித்தனம் வைத்துவிட்டார் என்று கேலி வேறு. வந்த கோபத்தில் அத்தனையும் பிரித்து, பாலாற்று ஊற்றில் நாலு தண்ணீர் அலசி, மணலில் காயவைத்து மறுபடி அடைத்தேன்.

அப்புறம் பார்க்கவேண்டுமே! கிடங்குச் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் கேட்பது போல ஆகிவிட்டது. முதலாளி கத்தாமல் பேசினார். ஒரு வாரம் ஓர் எழுத்துப் பிசகவில்லை. கேலி பேசினவர்களே வந்து சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எட்டாம் நாள் முதலாளி நாற்காலியில் நிலைகொள்ளாமல் நெளிந்தார்.

“காலைல லாபம்னு காதுல விழலன்னா எனக்கு வேலையே ஓடல. இத எடுத்துடு.”

சாக்குத் தட்டி போய்விட்டால் பழைய இரைச்சல், பழைய தப்பு, அப்புறம் என் வேலை. அவரிடம் வாதாடவில்லை. சாயந்திரம் நடுச் சாக்கை மட்டும் அவிழ்த்து, மேலே ஏற்றி இறக்கும்படி கயிறு கட்டினேன்.

மறுநாள் காலை சாக்கு இடுக்கில் எட்டிப் பார்த்து நின்று, கணியம்பாடிக்காரர் முதல் தோலில் கை வைத்ததும் கயிற்றை இழுத்தேன். ‘லாபம்!’ அறை நிறைய வந்து விழுந்தது. ‘ரெண்டு’க்கு முன்னால் சாக்கை இறக்கிவிட்டேன்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, மாதிரிக்கு ஒரு கட்டு அனுப்பியிருக்கிறோம் என்று எழுதச் சொன்னார். வேண்டுமென்றேதான். அடித்தேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத மனுஷன், எழுந்து வந்து தாளைக் குனிந்து பார்த்தார்.

“இன்னா போட்ட?”

சாக்கைத் தாண்டிக் கிடங்குக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“ஒண்ணு, முதலாளி.”