ஜூன் கடைசி ஞாயிறு

எங்கள் சித்தூர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வருகிற வாரத்து ஞாயிறன்று, ஆராதனை நடுவே எழுந்துபோய்ப் பீடத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். போதகர் ஸ்தோத்திரக் காணிக்கையை வாங்கிக்கொண்டு தலையில் கை வைத்து ஜெபிப்பார். எனக்கும் என் சித்தி மகளுக்கும் ஜூன் கடைசி வாரத்தில்தான் பிறந்தநாள். அதனால் சிறுவயதிலிருந்தே சேர்ந்துதான் நிற்போம். அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். அந்த மூன்று வயதைத்தான் பிற்பாடு என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

இரண்டு பேருக்கும் போலீஸ் எஸ்.ஐ. வேலைமேல் ஆசை. ஒரே அறிவிப்புக்கு விண்ணப்பித்தோம். திருப்பதியில் ஒரே கோச்சிங், ஒரே அறை. முதல்கட்டப் பரீட்சையில் இரண்டு பேரும் தேறினோம். அடுத்தது ஓட்டமும் தாண்டலும். அங்கேதான் பிடித்தது சனி, போதகர் மன்னிக்கட்டும். தேதி வரும், தள்ளிப்போகும். ஒரு தரம் தேர்தல் என்றார்கள், ஒரு தரம் கோர்ட்டில் கேஸ் என்றார்கள், அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

"அக்கா, மள்ளி வாய்தா வுட்டுட்டாங்கோ" என்பாள், மறுபடியும் தள்ளிப்போன தேதியைப் போனில் பார்த்தபடி. சொல்லிவிட்டு ஹாயாக இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்ப்பாள். "நல்லதுதான்க்கா, இன்னும் கொஞ்சம் ஓடிப் பழகலாம். நீ இன்னாத்துக்குத் துன்னாம குந்திக்கினு கீற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு தள்ளிவைப்பிலும் அவளுக்குக் கிடைத்தது பழக நேரம். எனக்குப் போனது வயது. விடிகாலை மைதானத்தில் நான் பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான். சடையை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடைக்குப் போகிறவள் மாதிரி அலட்டாமல் ஓடுவாள். என் முழங்காலில் வலி ஏற ஏற அவள் வேகம் ஏறியது. போதாததற்குக் கேள்வித்தாள் தெலுங்கில், அவளோ தெலுங்கு மீடியம். பத்தாவதுவரை தமிழில் படித்த நான் கேள்வியை இரண்டாம் தடவை வாசிக்கும்போது, அவள் விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பாள். படுத்தவுடன் தூங்குகிறாளே, அந்தத் தூக்கத்தின்மேல்கூட எனக்கு வயிற்றெரிச்சல்.

கடைசியில் அந்த அறிவிப்பையே ரத்து செய்துவிட்டார்கள். ஒரு ஜூன் மாதம் புதியது வந்தது. வயதை ஜூலை முதல் தேதியை வைத்துக் கணக்கெடுப்பார்கள். என் பிறந்தநாளுக்கும் அதற்கும் நடுவே சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் நான் வரம்பைத் தாண்டியிருந்தேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பெற்றிருக்கக் கூடாதா என்று அம்மாமேல்கூடக் கோபம் வந்தது. அவளுக்கோ இன்னும் மூன்று வருஷம் முழுசாகக் கையில் இருந்தது.

விஷயத்தை வீட்டில் நான் சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் தெரியும். அந்த ஞாயிறும் இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் போய் நின்றோம். போதகர் இரண்டு தலையிலும் கை வைத்து, "கர்த்தாவே, இந்த ரெண்டு பிள்ளைகளும் வர்ற வருஷம் காக்கி உடுப்போட உம்முடைய சந்நிதியில வந்து நிக்கட்டும்" என்று ஜெபித்தார். சபை ஆமென் சொன்னது. அவள் சொன்ன ஆமென் எனக்குத் தனியாகக் கேட்டது. அந்த ஜெபத்தில் பாதி வீண், அந்தப் பாதி நான்.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். "போனா போவுதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நைனா வெளியே போய்விட்டார். நான் சித்தூரிலேயே ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மறுவருஷம் ஜூன் கடைசி ஞாயிறும் வந்தது. காக்கி எங்கே? இரண்டு பேரும் சேலையில்தான் போய் நின்றோம். புது அறிவிப்பும் பழையதைப் போலவே தேதி சொல்வதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே கருப்புத் தட்டியிருந்தது.

"உனக்கு நிம்மதிக்கா. வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு கீற. நான்தான் எப்போ வைப்பாங்கோ, எப்போ வைப்பாங்கோன்னு போனையே பார்த்துக்கினு செத்துப்போறேன். உன்னப் பார்த்தா பொறாமையா கீதுக்கா."

என்னைப் பார்த்து! சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "வைப்பாங்கோடி" என்று சொல்லிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

காத்திருந்து செத்துப்போகிறாளாம். அப்படிச் செத்துப்போக எனக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைக்காதா என்றுதான் நான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.