முதலில் வாய் திறந்தவர்

கமலக்கண்ணன் சார் இறந்த செய்தியைச் சொன்னவன், அவரிடம் என்னோடு வேலை பார்த்த ஏழுமலை. காலை ஷிப்டுக்கு பஸ் ஏறப் போன என்னைக் கைப்பேசியில் அழைத்தான். “சார் பூட்டாருப்பா. திருப்போரூர் வூட்லதான் வெச்சிகிறாங்க. வந்துடு” என்றான்.

தொண்ணூறுகளின் நடுவில், மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், தகட்டை அச்சில் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் பிரிவில் சார் எங்கள் சூப்பர்வைசர். ஷிப்டு முடிந்ததும் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு எல்லாரையும் உட்காரவைப்பார். அவரிடம் வேலை பார்த்த யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அன்று எது சரியாக நடந்தது, எங்கே சிக்கல் வந்தது, நாளைக்கு எதை மாற்றலாம் என்று கேட்பார். தொடக்கத்தில் சண்டைதான் வந்தது. அச்சு மாற்றத் தாமதமானதற்கு நானும் கிரேன் ஓட்டுபவரும் ஒருவரையொருவர் கைகாட்டினோம். “எவன் செஞ்சான்னு எனக்கு வாணாம். இன்னா நடந்துச்சு, அத்த சொல்லு” என்றார். ஒவ்வொருவரையும் முழுதாகச் சொல்லவிட்டுக் கேட்டார். முந்தைய ஷிப்டு எங்களிடம் எதையும் சொல்லாமல் போனதுதான் காரணம் என்பது அப்படித்தான் வெளியே வந்தது. பிறகு இரண்டு ஷிப்டும் சேர்ந்தே உட்கார்ந்தோம்.

அடுத்த ஆண்டு ஏழுமலையின் வலது கை பிரஸ்ஸில் சிக்கியது. விரல்கள் போய்விட்டன. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுத நிர்வாகம் தயாரானது. மறுநாள் நாங்கள் உட்கார்ந்தபோது, கழுவியும் போகாத கறை மெஷினடியில் இருந்தது. மேனேஜரும் வந்து நின்றார். சார்தான் எழுந்தார்.

“தடுப்புக் கதவு சரியா மூடலன்னு ஏழுமலை காலையிலயே சொன்னான். இந்த லோடு போவட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொன்னது நானு.”

மேனேஜர் அவரைத் தனியே அழைத்து, “இத வெளிய பேசாதீங்க” என்றார். விசாரணையிலும் சார் அதையே சொன்னார். லோடுக்கு அவசரப்படுத்தியது யார் என்று கேட்டார்கள். மேனேஜர்தான் என்று சார் சொன்னார். ஏழுமலைமீதிருந்த பழி நீங்கி, அவனுக்கு ஸ்டோர்ஸில் வேலை கிடைத்தது. மேனேஜர் அதே நாற்காலியில் இருந்தார். சாரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்து வந்த சூப்பர்வைசரும் எங்களை உட்காரவைத்தார். “எல்லாம் நல்லாதான் கீது சார்” என்று ஆளுக்கொரு தரம் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினோம். அந்தக் கோடையில் இன்னொருவனின் கை மணிக்கட்டோடு போனது. தடுப்பு ஆடுவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், சொன்னவர் இல்லை.

சார் அப்போது பொத்தேரியில் மாணவர் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். “உக்கார வெச்சா மட்டும் பத்தாதுப்பா. உள்ளத சொன்னவன் மறுநாளும் வேலைக்கு வரணும். அத்த பாத்தாதான் அடுத்தவன் வாய தொறப்பான்” என்றார்.

திருப்போரூரில் ஏழுமலை பாடைக்குத் தோள் கொடுத்தான். சாரோடு வேலை பார்த்த பலர் வந்திருந்தார்கள். நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

இப்போது வேறொரு தொழிற்சாலையில் எனக்குக் கீழே ஒரு குழு இருக்கிறது. போன மாதம் ஒரு வெல்டர், கேஸ் வால்வை மூடாமல் போய்விட்டதாக எல்லார் முன்னாலும் தானே சொன்னான். மேலிடம் பெயர் கேட்டது. நான் கொடுக்கவில்லை. மறுநாள் அவன் வேலைக்கு வந்தான். சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான்.