நைனாவின் விசில்

மூக்குப்பொடியின் காரமும் கடல் தண்ணீரின் உப்பும் கலந்த ஒரு வாடை உண்டு. என் நைனா, அதாவது என் அப்பா, விடிகாலையில் வாய் கொப்பளித்துத் துப்பியதும் திருவொற்றியூர்க் கரை மணலில் இளஞ்சிவப்பாய்ப் படர்ந்த எச்சிலிலிருந்து எழுந்த அந்த வாடை, இத்தனை வருஷம் கழித்தும் நான் பல் தேய்க்க நிற்கும்போதெல்லாம் மூக்கில் வந்து நிற்கிறது.

எங்கள் குப்பத்தில் வலை கையை அறுத்தாலும் மீன்முள் குத்தினாலும் வைத்தியம் ஒன்றுதான்: கடல் தண்ணியில் அலசு, அப்புறம் அதை 'நோண்டாதே', தானாக ஆறிவிடும். கைக்குச் சரியாக இருந்த அந்த வைத்தியத்தை நைனா வாய்க்கும் வைத்துக்கொண்டார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் கசிந்த அன்றைக்கே பிரஷ்ஷைக் கொண்டுபோய்க் கூரையில் செருகிவிட்டார். அதற்குப் பிறகு உப்புத் தண்ணியில் கொப்பளிப்பதோடு சரி, வலித்தால் மூக்குப்பொடியை எடுத்து ஈறில் தடவிக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் பல்லைப் பார்க்க வந்த டாக்டரம்மா, ஈறில் ரத்தம் வந்தால் அங்கே அழுக்கு சேர்ந்திருக்கிறது, தேய்ப்பதை நிறுத்தாமல் மெதுவாகத் தேய்க்க வேண்டும், அப்படியும் நிற்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொன்னதை நான் வீட்டில் வந்து ஒப்பித்தேன்.

"இன்னாடா சொல்ற? புண்ணு மேல எவனாவது பிரஷ்ஷு வெச்சித் தேய்ப்பானா? உங்க டாக்டரம்மாவ ஒரு நாளு வலை இழுத்துட்டு வந்து பேசச் சொல்லு" என்று நைனா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு தடவைதான் சொன்னேன்; மறுபடி சொல்லவில்லை.

அந்த நாளில் கடல் ஊரை அரிக்காமலிருக்கக் கரையோரம் பெரிய பெரிய கருங்கல்லைக் கொட்டியிருந்தார்கள், படகு உள்ளே வர நடுநடுவே சந்து விட்டிருந்தார்கள். மார்கழிப் பனியில் சந்து எது, கல் எது என்று தெரியாது. அதனால் கடலுக்குப் போனவருடைய வீட்டு ஆள் ஒருவர் சந்தோரம் நின்று விசில் அடிப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விசில், அவரவர் படகு அதை மட்டும் பிடித்துக்கொண்டு வரும். பனி நாளில் அவர் தம்பி, என் சித்தப்பா, படகெடுக்க, நைனா கரையில் நிற்பார்; எங்கள் வீட்டு விசில் நைனாவுடையது. நாக்கைப் பல்லில் ஒட்டி, இரண்டு நீளம், ஒரு வெட்டு. பஸ் போகும் ரோடு வரை கேட்கும்.

இரண்டு மூன்று வருஷத்தில் அவர் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தன. ஒரு மார்கழியில் ஈறு சீழ் வைத்து, முகம் வீங்கி, முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. துண்டால் வாயை மூடிக்கொண்டே திரிந்தார். விசில் போய்விட்டதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் அவர் காய்ச்சலோடு இருந்தும், அவர் விசிலை நம்பிச் சித்தப்பா படகெடுத்துப் போனார். விடிந்தபோது கை நீட்டினால் விரல் தெரியாத பனி. நைனா என்னைக் கூட்டிக்கொண்டு கல்மேல் ஏறி, துண்டை எடுத்துவிட்டு ஊதினார்.

'ஸ்ஸ்ஸ்' என்று வெறுங்காற்று வந்தது.

மறுபடி ஊதினார். காற்றும் எச்சிலும். சித்தப்பா பேரைச் சொல்லிக் கத்தினார். அலைச் சத்தம் அதை விழுங்கிவிட்டது. நானும் ஊதிப் பார்த்தேன், எனக்கு அப்போது விசில் வராது. பனிக்குள் படகு கல்லில் மோதிய சத்தத்தைத்தான் நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம்.

சித்தப்பா பிழைத்தார். வலது கால் நசுங்கிப் போனது, அப்புறம் அவர் கடலுக்கே போகவில்லை. "வுடுண்ணா, உன் பல்லு போச்சு, என் காலு போச்சு, ரெண்டு பேரும் சேந்து நின்னா முழுசா ஒரு ஆளு கீறோம்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நைனா சிரிக்க மாட்டார். பனி விழுந்த காலையிலெல்லாம், கடலில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லாதபோதும், அந்தக் கல்மேல் போய் நின்று உதட்டைக் குவித்துக்கொண்டிருப்பார், சாகிற வரைக்கும்.

இப்போது படகில் வழி காட்ட மிஷின் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது. எந்த வீட்டுக்கும் விசில் இல்லை.

போன வாரம் என் மகளின் பிரஷ் இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, "ரத்தம் வருதுப்பா, அதான் வுட்டுட்டேன்" என்றாள். அவளைக் குழாயடிக்குக் கூட்டிப் போனேன். குழாயைத் திறந்ததும், எங்கள் தெருவில் எப்போதும் வருவதுபோல், தண்ணீருக்கு முன்னால் வெறுங்காற்று வந்தது, 'ஸ்ஸ்ஸ்' என்று. தண்ணீர் வந்ததும் பிரஷ்ஷை நனைத்து அவள் கையில் கொடுத்தேன்.

பிறகு சொன்னேன்: "மெதுவா தேய் கண்ணு, நிறுத்தாத. அப்பறம் டாக்டராண்ட போலாம்."

அவள் சிரித்தாள், நைனா சிரித்த அதே சிரிப்பு. நான் இரண்டாவது தடவையும் சொன்னேன்.