மூன்று பிள்ளைகளோடு ஆறு நாள் கடல்

"ஏம் புள்ள ஜுபைதா, கப்பலுக்குச் சுத்திலும் சுவரு இருக்குமா?"

"சுவரு இருக்காதுங்க்கா. கம்பி போட்டிருப்பாங்க."

"கம்பிக்கும் கம்பிக்கும் நடுவால எத்தன எடம் உட்டிருப்பாங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? நானும் உங்களாட்டந்தான். கப்பலக் கண்ணுல பாத்ததில்ல."

"அத்தன இங்கிலீசுப் பொஸ்தகம் படிச்சியே, ஒண்ணுலகூடவா போடல?"

"படம் போட்டிருக்குதுங்க்கா. படத்துல கம்பி நூலாட்ட இருக்குது. எடம் எவ்வளவுன்னு தெரியல."

சைதுன்னிசா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள். மடியில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டி காஜாவின் தலையை விரல்களை விரித்து அளந்தாள். ஒரு சாண்கூட இல்லை.

"தலை நொழஞ்சா ஒடம்பும் நொழஞ்சுரும். பூனைக்கு அப்படித்தானே?"

"காஜா பூனை இல்லீங்க்கா."

"பகல்ல நான் புடிச்சுக்குவேன். ராத்திரிக்குத்தான் ரோசனை. இந்த ஜமாலு இங்க படுத்தா வாசப்படியில எந்திரிக்கிறவன். கப்பல்ல உருண்டான்னா எங்க போயி எந்திரிப்பான்?"

"மச்சானுக்கு ஒரு காயிதம் போட்டுக் கேட்டுப் பாப்பமா?" என்றாள் ஜுபைதா.

"கேட்டா, பயமா இருந்தா வர வேண்டாம்னு எழுதிப்போடுவாரு. அதுக்கா மூணரை வருசமா ஒக்காந்திருக்கறேன்? நீ பேசாம இரு. நானே ரோசிக்கிறேன்."

அது அறுபத்தோராம் வருஷத்துச் சித்திரை மாதம். அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தது திருப்பூரில், நொய்யலுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றின் வரிசை வீட்டில். சைதுன்னிசாவைச் சுற்றிலும் தைத்து வந்த பனியன்கள் குவிந்து கிடந்தன. தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. வெட்டும்போதே துணியை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்ப்பாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனிக்காரர்கள் அவள் வெட்டிய கட்டைப் பிரித்துப் பார்ப்பதேயில்லை.

அவள் கணவன் நூருல்லா பினாங்கில் ஒரு பனியன் கடையில் இருந்தான். அவன் கப்பலேறியபோது ஜமாலுக்கு நாலு வயது, சபுராவுக்கு ஒன்றரை. காஜா அம்மா வயிற்றில் இருந்தான். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகளோடு வந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகும்படி இப்போது கடிதம் வந்திருந்தது. கூடவே டிக்கெட்டும் வந்திருந்தது. துணைக்கு ஜுபைதா போவதென்று வீட்டில் முடிவானது. அவளுக்குப் பத்தொன்பது வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் படித்துத் தேறியவள். எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவாள். பேசச் சொன்னால் தமிழிலேயே நாலு வார்த்தைக்கு மேல் வராது.

சைதுன்னிசாவின் யோசனை இரண்டே நாளில் முடிந்தது. பனியன் துணி மெஷினிலிருந்து இறங்கும்போது மூட்டே இல்லாமல் குழாய் மாதிரிதான் வரும். அந்தக் குழாயில் ஒரு பிள்ளை தாராளமாக நுழையும். அடியில் முடிச்சுப் போட்டு, பிள்ளையை வெற்றுடம்போடு அக்குள் வரைக்கும் உள்ளே இறக்கி, மூன்று குழாய்களையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று தைத்துவிட்டால் ஒருவன் உருண்டாலும் மூன்று பேரும் உருள வேண்டும். அதன் ஓரத்தைத் தன் கையில் சுற்றிக்கொண்டால் தனக்கு விழிப்பு வந்துவிடும்.

துணி கேட்டு, பனியன் துணியை வெளுத்துக் கொடுக்கும் சலவைப் பட்டறை நஞ்சப்பனிடம் போனாள். அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க சைதுன்னிசா, பசங்கள மூட்டை கட்டியா ஏத்தப் போறீங்க?"

"ஆமாங்கண்ணா. சரக்கு சேதாரமில்லாமப் போய்ச் சேரோணுமல்லோ?"

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில்தான் பட்டறையின் சலவைத் தொட்டியிலிருந்து துணி வெளியே வந்தது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து, கண் கூசும் வெள்ளையில் மொடமொடவென்று நின்றது. சைதுன்னிசா அதை முகர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் சுவாசித்த வாசனைதான். அந்தத் தெருவில் அதைத்தான் புதுத்துணி வாசம் என்பார்கள். மாலைக்குள் மூன்று பைகளையும் தைத்து முடித்தாள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வரவில்லை. தூரத்தில் நின்றது. படகில் போய், ஆடுகிற ஏணியில் ஏற வேண்டியிருந்தது. காஜாவை முதுகில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடியே சைதுன்னிசா ஏறினாள். டெக்கில் பாய் விரிக்குமளவுக்கு இடம் கிடைத்தது. போனதும் முதல் வேலையாகக் கம்பிகளின் இடைவெளியைச் சாண் போட்டுப் பார்த்தாள். ஒன்றரைச் சாண்.

"நான் சொன்னனா இல்லியா?" என்று தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கத்துப் பாய் மாரக்காளுடையது. அவிநாசிப் பக்கத்துக் கிராமம். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் புருஷனிடம் போகிறவள். பைகளில் இறங்கிய பிள்ளைகளைப் பார்த்து, "அடி ஆத்தா, அவரைக்கொட்டையாட்ட இருக்குதுகளே!" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

கரை மறைந்த பிறகு நேரம் தன் கட்டு அவிழ்ந்துகொண்டது. திருப்பூரில் மில் சங்கு ஊதினால் எழுந்து, மறுபடி ஊதினால் சாப்பிட்டுப் பழகிய உடம்பு, இங்கே எந்தச் சங்குக்கும் காத்திருக்கத் தேவையில்லாமல் மிதந்தது. கப்பல் நின்ற இடத்திலேயே நிற்பதாகவும், கடல்தான் அடியில் மெல்ல நழுவிப் போகிறதென்றும் ஜுபைதாவுக்குத் தோன்றும். நீலம் ஓரிடத்தில் பச்சையாகும், பச்சை ஓரிடத்தில் வெயிலாகும். மதியத்தில் வானமும் தண்ணீரும் சேருகிற கோடு அழிந்துபோய், கப்பல் ஒரு பெரிய வெளிச்சத்துக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது பிள்ளைகளும் பைகளுக்குள் தூங்குவார்கள். கப்பல் அலையில் ஏறும்போது அவர்கள் தலை ஒரு பக்கம் சாயும், இறங்கும்போது மறுபக்கம் சாயும். மூன்று பேரும் ஒரே மூச்சை மாற்றி மாற்றி விடுவதுபோல் வெள்ளைத் துணி ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தான் விழித்திருக்கிறோமா என்பதுகூட ஜுபைதாவுக்குச் சந்தேகமாகிவிடும்.

விழித்திருக்கும்போது அவர்கள் வேறு. ஜமால் பறக்கும் மீன்களை எண்ணினான். நூற்றுப் பன்னிரண்டு வரை வந்து, சபுரா குறுக்கே பேசியதால் எண்ணிக்கையை விட்டு அவளைக் கிள்ளினான். "சின்னம்மா, இந்தத் தண்ணிய எல்லாம் எந்தக் கெணத்துல எறைச்சாங்க?" என்று சபுரா கேட்டாள். காஜாவுக்கு ஒரே கவலைதான். அத்தாவிடம் போகிறோம் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். எப்போது, எங்கே என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு ஆளையும் மறித்து, "நீங்கதான் எங்க அத்தாவா?" என்று கேட்டான். சமையல்காரரைக் கேட்டான், மாலுமியைக் கேட்டான், தாடி வைத்த ஒரு சீக்கியரைக் கேட்டான். அவர் அவனைத் தூக்கிச் சுற்றிவிட்டு இறக்கினார்.

நாலாம் நாள் காலையில் மாரக்காள்தான் முதலில் பார்த்தாள்.

"ஏனுங்க, சின்னவன் முதுகுல என்னமோ பூத்திருக்குதுங்களே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆத்தா வந்திருக்கறாளாட்ட இருக்குதுங்க."

காஜாவின் முதுகில் சிவப்புப் பொரிகள். ஜமாலுக்கும் இருந்தது. சபுராவுக்கு இடுப்பைச் சுற்றிலும் இருந்தது. மாரக்காள் தாழ்த்திய குரல் எப்படியோ டெக்கின் கடைசிப் பாய் வரை போய்விட்டது. பக்கத்திலிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். கப்பல் கம்பவுண்டர் வந்து எட்ட நின்று பார்த்துவிட்டு, நாலு மணிக்கு டாக்டர் வருவார் என்றார். அம்மை என்று டாக்டர் எழுதிவிட்டால் பிள்ளைகளைப் பினாங்கில் இறக்க மாட்டார்கள், பக்கத்துத் தீவில் தனியாக வைத்துவிடுவார்கள். எத்தனை வாரமென்று சொல்ல முடியாது, தாயைக் கூட விடுவார்களா என்பதும் தெரியாது என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

சைதுன்னிசா அழுவாள் என்று ஜுபைதா பயந்தாள். அவள் அழவில்லை. மூன்று பிள்ளைகளின் சட்டையையும் கழற்றி வெயிலில் நிறுத்தினாள். பனியனைத் திருப்பிப் பார்ப்பதுபோல ஒவ்வொருவரையும் முன்னும் பின்னும் திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

"ஜுபைதா, இங்க வா. அக்குளுக்குக் கீழதான் இருக்குது. மேல ஒண்ணுங்கூட இல்ல. மூஞ்சில இல்ல, கழுத்துல இல்ல, கையில இல்ல. மூணு பேத்துக்கும் ஒரே கோட்டுல நிக்குது. ஏம் புள்ள, அம்மைக்கு அளவெடுத்துத் தைக்கத் தெரியுமா?"

"அப்ப துணியாங்க்கா?"

"துணிதான்." தன் இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். பையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு படுக்கும் இடத்தில் அவளுக்கும் அதே பொரிகள் வளையமாக இருந்தன. "டாக்டர்கிட்ட இத நீ சொல்லோணும்."

"நானா? எனக்கு இங்கிலீசு பேச வராதுங்க்கா."

"பதினோரு வருசம் படிச்சியே."

"படிச்சேன். பேசல."

"அப்ப இன்னைக்குப் பேசு."

டாக்டர் வங்காளத்துக்காரர். வெள்ளை உடுப்பு, நரைத்த மீசை. அவருக்குத் தமிழ் தெரியாது. ஜுபைதா மத்தியானம் முழுக்க வாக்கியங்களை மனதில் எழுதி எழுதி அழித்திருந்தாள். அவர் குனிந்த மாத்திரத்தில் காஜா அண்ணாந்து, "நீங்கதான் எங்க அத்தாவா?" என்றான்.

பையன் என்ன சொல்கிறான் என்று டாக்டர் ஜுபைதாவைக் கேட்டார்.

எழுதிவைத்த வாக்கியம் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. தரையைப் பார்த்தபடி, "நீங்கள் அவனுடைய தகப்பனாரா என்று கேட்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் வாய்விட்டு ஒரு அந்நியரிடம் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான்.

டாக்டர் சிரிக்கவில்லை. பையனிடம் வருத்தம் தெரிவிப்பதுபோலத் தலையை மெதுவாக ஆட்டினார். அதற்குப் பிறகு மற்ற வார்த்தைகள் தட்டுத்தடுமாறி வந்துவிட்டன. துணி, பை, தூக்கம், அக்குள், கோடு. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அம்மை குத்திய சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். சைதுன்னிசா பேச்சு முடியக் காத்திருக்கவில்லை. தன் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், பையை எடுத்து முகர்ந்தார், சட்டென்று முகத்தைத் திருப்பித் தும்மினார்.

"பிளீச்சிங் பவுடர்! இதை அலசவே இல்லையா? இந்த நெடி உங்களுக்குத் தெரியவில்லையா?"

ஜுபைதா தமிழில் சொன்னாள். சைதுன்னிசா பையை வாங்கி முகர்ந்தாள். ஜுபைதாவும் முகர்ந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன நெடி? துணி வாசந்தானே அடிக்குது," என்றாள் சைதுன்னிசா.

உப்புக் காற்றும் வேர்வையும் பட்டு அந்தக் காரம் தோலில் இறங்கியிருக்க வேண்டும். ஆனாலும் டாக்டர் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. நல்ல தண்ணீரில் தினம் இரண்டு வேளை உடம்பைக் கழுவுங்கள், அந்தத் துணியைத் தொடாதீர்கள், இறங்கும் நாள் காலையில் வந்து பார்ப்பேன், வாடியிருந்தால் விடுவேன், இல்லையென்றால் தீவுதான் என்றார்.

டெக்கில் நல்ல தண்ணீர் ஆளுக்கு இத்தனை என்று அளந்துதான் கிடைத்தது. மாரக்காள் தன் பங்குத் தண்ணீரைச் சொம்போடு கொண்டுவந்து வைத்தாள்.

"நாஞ் சொன்ன சொல்லுதானுங்க இத்தன தூரம் போயிருச்சு. ஊத்துங்க. நான் குளிக்காட்டி என்னைய எந்தத் தீவுல எறக்கறாங்கன்னு பாப்பம்."

பைகள் மூட்டைக்குள் போய்விட்டன. அந்த இரண்டு இரவும் சைதுன்னிசா படுக்கவில்லை. கம்பியில் முதுகைச் சாய்த்து, பிள்ளைகளுக்கும் கம்பிக்கும் நடுவில் தானே சுவராக உட்கார்ந்திருந்தாள். பகலில் கழுவினாள், காயவிட்டாள், திருப்பிப் பார்த்தாள். ஐந்தாம் நாள் சபுராவின் இடுப்பில் சிவப்பு மங்கியது. ஜமாலுக்குப் பொரிகள் உதிரத் தொடங்கின. காஜாவின் முதுகுதான் பிடிவாதமாக இருந்தது. ஜுபைதா வானத்தின் நிறங்கள் மாறுவதைப் பார்த்தபடி, அக்காவின் கை தண்ணீரில் போய் வருகிற சலசலப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் அந்தச் சத்தத்துக்கு இசைந்தே அசைவதுபோல இருந்தது.

ஆறாம் நாள் விடிந்தபோது தண்ணீரின் மேல் நீலமாக ஒரு மலை நின்றது. அது மேகமா கரையா என்று யாரும் உடனே சொல்லவில்லை. டாக்டர் வந்தார். மூன்று பேரையும் வெளிச்சத்துக்குத் திருப்பினார். காஜாவின் முதுகைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தோல் காய்ந்து, பழுப்புத் தடம் மட்டும் இருந்தது. சீட்டுகளில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு சைதுன்னிசாவிடம் நீட்டினார்.

"உங்கள் அக்காவுக்கு டாக்டருக்குரிய கண்" என்று ஜுபைதாவிடம் சொன்னார். அவள் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

"பிசிறு வெட்டுற கண்ணுன்னு சொல்லு," என்றாள் சைதுன்னிசா.

கப்பல் நங்கூரம் போட்டது. இறங்க இன்னும் ஒரு மணி நேரமாகும் என்றார்கள். கரையிலிருந்து சிறு படகுகள் புள்ளி புள்ளியாக வந்துகொண்டிருந்தன. அதில் ஏதாவது ஒன்றில் நூருல்லா இருக்கலாம். சைதுன்னிசா சீட்டுகளை மடித்து இடுப்பில் செருகினாள். கடைசிப் பொத்தான் வரை பிள்ளைகளின் சட்டையைச் சரிசெய்தாள். சரிசெய்ய இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுமில்லை. காஜாவின் கையைப் பிடித்துத் தங்கையின் கைக்குள் வைத்தாள்.

"ஜுபைதா."

"சொல்லுங்க்கா."

"இவுங்க மூணு பேத்தையும் சித்த நேரம் புடிச்சுக்கறியா கண்ணு? ஆறு நாளா இவுங்களையேதான் பாத்துட்டு வந்தேன். நான் ஒருக்கா போயி கடலப் பாத்துட்டு வந்தர்றேன்."